எனக்கு ஒண்ணுமில்ல, அண்ணாச்சி

வீட்டுத் தரகன் என்பவன் வீட்டுக்காரருக்குக் குடித்தனக்காரரின் ஆள். குடித்தனக்காரருக்கு வீட்டுக்காரரின் ஆள். சொந்த வீட்டில் மட்டும் யாருக்கும் வேண்டாத ஆள். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிதில் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ரயிலிலும் பஸ்ஸிலும் வெளியூர் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கப்பல் நிறுத்த இடம் தாராளமாக இருந்தது, வந்தவர்களுக்குப் பாய் விரிக்கத்தான் இடமில்லை. பழைய மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சு எனக்கு ஆபீஸ். ஓட்டை சைக்கிள் ஒன்று எனக்கு ஸ்டாஃப்.

வாடகைக்கு வீடு தேடித் தெருத்தெருவாக அலைந்த அன்பர்களே, நீங்களெல்லாம் எனக்கு ஒருவகையில் சொந்தக்காரர்கள். உங்கள் முகத்துக்கு நேராக இல்லை என்று சொன்ன வீடு நாலைந்து இருக்கும். எனக்கு இல்லை என்று சொன்ன வீடுகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு டவுன் தேறும். அதில் எனக்கு மறக்காதவை சில. பெரும்பாலும் ஒரே மனிதருக்காக வாங்கிக் கட்டிக்கொண்டவை.

தண்ணீர் வந்தால் வீடு வந்தது

எங்கள் ஊர் வீட்டுக்காரர்கள் சண்டைக்காரர்கள் இல்லை. 'உனக்கு வீடு கிடையாது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதலில் ஊர் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் தெரு கேட்பார்கள். தெருவைச் சொன்ன பிறகு வேறு ஒன்றும் கேட்க மாட்டார்கள். அந்த நேரத்தில் நான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பதில்லை, அடுப்படி வாசலைத்தான் பார்ப்பேன். வீட்டு அம்மா தம்ளரில் தண்ணீரோ காப்பியோ கொண்டு வந்துவிட்டால் வீடு முடிந்த மாதிரி. தம்ளர் பாதி வழி வந்து திரும்பிப் போனால் சைக்கிளை எடுக்க வேண்டியதுதான்.

ஜெபமணிக்கு நான் காட்டிய முதல் வீட்டிலேயே தம்ளர் திரும்பிப் போயிற்று. துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிற வேலை அவனுக்கு. கப்பலிலிருந்து மூட்டைகளைத் தூக்கி இறக்குகிற வேலை. நல்ல உயரம், நல்ல சிரிப்பு. மனைவி எஸ்தர் தலைப்பிரசவத்துக்காக சாத்தான்குளம் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் ஒரு லாட்ஜ் அறையில் மற்ற வின்ச் ஆட்களோடு முடங்கிக் கிடந்தான். 'முதல்ல வீடு பாரு, அப்புறம் பிள்ளையையும் தாயையும் கூட்டிட்டுப் போ' என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பையன் பிறந்து வாரம் ஒன்றுகூட ஆகவில்லை.

வீட்டுக்காரர் ஊர் கேட்டார், சொன்னான். தெரு கேட்டார். 'ஊருக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம்' என்றான். ஓடைக்கு அந்தப் பக்கம் யாரை வைத்திருப்பார்கள் என்று எங்கள் சீமையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜெபமணியின் தாத்தா காலத்திலேயே வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர்களாகிவிட்ட குடும்பம். வேதம் மாறியும் ஓடை இடம் மாறவில்லை. வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஆனா தம்பி மக படிக்க வாரா, அவளுக்கு இந்த வீடு வேணும்" என்றார். தெருமுனை வரை ஜெபமணி என் சைக்கிளோடு கூடவே நடந்தான். பிறகு என் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "அவங்களும் பாவம், தம்பி மக படிக்க வரும்லா அண்ணாச்சி."

பிள்ளை குப்புற விழுந்தது

அதற்குப் பிறகு பார்த்த வீடுகளிலும் அதே கதைதான். ஒரு வீட்டில் வெள்ளையடிக்கப் போகிறார்கள். ஒரு வீட்டில் மாமியாருக்குச் சுகமில்லை, சத்தம் ஆகாது. ஒரு வீட்டில் கிணற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது. எல்லாரும் 'எனக்கு ஒண்ணுமில்ல' என்றுதான் ஆரம்பித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. இவனுக்கு வரவில்லை. 'சுகமில்லாத ஆளு இருக்கிற வீட்டுல பிள்ளை அழுதா கஷ்டம்தான்' என்பான். 'கிணறு வத்துனா அவங்க என்ன செய்வாங்க' என்பான். தனக்கு வீடு தராதவர்களுக்காக இப்படி வக்காலத்து வாங்கிய ஒருவனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் ஊருக்கு பஸ் ஏறுவான். திங்கட்கிழமை என் பெஞ்சுக்கு வந்து முதலில் பிள்ளையைப் பற்றிச் சொல்வான், பிறகுதான் வீட்டைப் பற்றிக் கேட்பான். ஒரு திங்கட்கிழமை வந்து டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தவன் முகத்தில் பெருமையும் வருத்தமும் கலந்து கிடந்தது. "பய குப்புற விழுந்துட்டான் அண்ணாச்சி, நான் பஸ்ல போயிட்டிருக்கப்ப விழுந்திருக்கான்."

இரண்டாவது வரிசை

பர்னாந்து அண்ணாச்சிக்குக் கடற்கரைப் பக்கம் பல வீடுகள். சரக்குத் தோணிகள் சொந்தமாக வைத்திருந்தார். கொழும்புக்குப் போய் வருகிற தோணிகள். மனிதர் தங்கமானவர். கோயில் திருவிழாவில் அவர் காசை இறைக்கிற இறைப்பை ஊரே பேசும். நான் போனபோது வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தார். முந்தின நாள் யாரோ பெரிய அதிகாரிக்கு வரவேற்பு விருந்தாம். அண்ணாச்சிக்கு நாற்காலி இரண்டாவது வரிசையில் போட்டுவிட்டார்களாம்.

"கடற்கரைக்காரன்னா எல்லாவனுக்கும் எளக்காரம், கேட்டியா? முத்துக் குளிச்சவன் நாங்க, கப்பல் விட்டவன் நாங்க. நேத்து வந்தவன் முன் வரிசையில இருக்கான். நான் எவன் முதுகையோ பாத்துக்கிட்டு கேக்கு தின்னேன்" என்றார். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. மனிதனை எங்கே உட்கார வைக்கிறோம் என்பது சின்ன விஷயமா என்ன? சரி, காயம் பட்டவருக்குக் காயம் தெரியும் என்று நினைத்து, ஜெபமணியின் சங்கதியை மெல்ல எடுத்தேன். காலியாகக் கிடந்த அவருடைய சின்ன வீட்டையும் ஞாபகப்படுத்தினேன். அண்ணாச்சி நடையை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, நான் எதைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன், நீ எதைப் பத்திப் பேசுத? அது வேற, இது வேற."

மீன் சாப்பிடும் ஐயர்

துறைமுகத்துக்கு வந்த இன்ஜினீயர்களில் சாட்டர்ஜி என்று ஒரு வங்காளி. ஜெபமணிக்கு மேலதிகாரி. தமிழை ஆறே மாதத்தில் எப்படியோ பிடித்துக்கொண்டு, பிடித்ததை விடாமல் பேசுவார். 'தரகர், உங்கள் ஊரில் சாதி, மதம் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். நான் ஒன்றும் பார்க்கவில்லையே! எல்லாரும் எனக்கு வணக்கம் போடுகிறார்கள்' என்பார். அவர் பிராமணர் என்று தெரிந்ததும் நான் ஒரு தப்பு செய்தேன். நேரே சிவஞானம் பிள்ளை வீட்டு மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். பிள்ளை ரிட்டயரான தாசில்தார் ஆபீஸ் கிளார்க். பரம சைவம். முட்டை என்ற சொல்லைக்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். பிராமணக் குடித்தனம் என்றதும் தம்ளர் இல்லை, தட்டில் பலகாரமே வந்தது. ஊர் கேட்கவில்லை, தெரு கேட்கவில்லை.

பூணூல் போட்டவன் மீன் தின்பான் என்று தூத்துக்குடியில் எவனுக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை காலை சாட்டர்ஜி கடற்கரைக்குப் போய், கை நீளத்துக்கு ஒரு மீனை வாலைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, பிள்ளைக்கு வணக்கம் சொல்லியபடியே மாடி ஏறினார். மத்தியானத்துக்குள் சட்டி பெட்டியோடு தெருவில் நின்றார். அன்றிலிருந்து மனிதர் பேச்சு முழுக்க அநியாயம்தான். 'சாப்பாட்டை வைத்து மனிதனைத் தள்ளுகிறார்கள்! இது நாகரிகமா?' என்று ஆபீஸில் பார்ப்பவரிடமெல்லாம் கேட்டார். ஜெபமணிதான் அவருடைய பெட்டிகளைத் தூக்கி வண்டியில் வைத்தவன். வைத்துவிட்டு அவருக்கு ஆறுதலும் சொன்னான்: "மனசுல வச்சிக்கிடாதீங்க சார், அவங்க வீட்டுல யாருக்காவது சுகமில்லாம இருக்கும்."

டெல்லியிலிருந்து வந்தவன்

சாட்டர்ஜி காலி செய்த மாடி பூட்டிக் கிடந்தது. பிள்ளை ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். போனேன். டெல்லியில் வேலை பார்க்கிற அவர் மகன் சங்கரன் லீவில் வந்திருந்தான். பிள்ளை நெருப்பாக இருந்தார். "தரகரே, இந்தக் கொடுமையைக் கேளும். டெல்லியில இவனுக்கு வீடு தரமாட்டேங்கானாம். மதராசி, கறுப்பா இருக்கான், வீட்டுல ரசம் வாசம் வரும்ங்கானாம். ரசம் வே, ரசம்! அதுல என்ன நாத்தம் இருக்கு? நாமளும் இந்த நாட்டுக்காரன்தானே? இதைக் கேக்க நாதி இல்லையா?" என்றார். மகனுக்காக அவர் பட்ட துக்கம் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. கையில் பிடித்திருந்த தம்ளரில் காப்பி ஆறிப்போயிருந்தது.

நானும் ஆமாம் ஆமாம் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, பேச்சு ஓய்ந்த நேரத்தில் ஜெபமணி பெயரைச் சொன்னேன். நல்ல பையன், குடிக்க மாட்டான், கைக்குழந்தைக்காரன். பிள்ளை நிதானமாகக் கேட்டார். ஊர் கேட்டார். தெரு கேட்டார். தம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு ஒண்ணுமில்ல தரகரே. ஆனா தெருவுல நாலு பேரு கேப்பாங்கள்லா? மாடிய கொஞ்ச நாள் பூட்டியே வைப்போம்" என்றார். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. உண்மையிலேயே அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை.

சங்கரன் என்னோடு வாசல் வரை வந்தான். நான் செருப்பை மாட்டும்வரை நின்றான். பிறகு உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "டெல்லிக்காரரும் இப்படித்தான் அண்ணாச்சி, ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு."

டீ உண்டு

காதர் பாய் சங்கு வியாபாரி. கடைக்குள் நுழைந்தால் சமுத்திரத்தையே காயப்போட்ட மாதிரி ஒரு வாசனை இருக்கும். ஜெபமணியைக் கூடவே கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பாய் எங்களை உட்கார வைத்து, மூன்று டீ வரவழைத்து, மூன்றும் ஒரே மாதிரி கிளாஸில் வந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். தம்பி மகள், வெள்ளையடிப்பு, கிணறு என்று எந்தக் கதையும் அவர் சொல்லவில்லை. அந்தக் கதைகளையெல்லாம் அவரே கேட்டவர். மகளைக் கட்டிக்கொடுத்தபோது மருமகனுக்காக டவுனில் வீடு தேடி அலைந்து, கடைசியில் தன் வீட்டையே பாதியாகத் தடுத்துக் கொடுத்தவர்.

ஜெபமணி டீயை மிச்சம் வைக்காமல் குடித்தான். வீடு கேட்டுப் போன இடங்களில் அவன் கைக்கு வந்த முதல் கிளாஸ் அதுதான். குடித்து முடிக்கும்வரை பாய் காத்திருந்தார். பிறகு அவன் கண்ணைப் பார்த்தே சொன்னார்: "தம்பி, வெளியில எங்க ஆளுக்கு எவனும் வீடு தரமாட்டான், அதனால எங்க தெருவுல இருக்கிற வீடு எங்க ஆளுக்கே பத்தல. வீடு இல்ல, ஆனா எப்ப வந்தாலும் டீ உண்டு."

மிஷன் காம்பவுண்டு

பையனுக்குப் பல் முளைத்துவிட்டது. தவழ ஆரம்பித்தான். ஒரு திங்கட்கிழமை ஜெபமணி வந்தான், டீ சொல்லவில்லை. பிள்ளை தன்னைப் பார்த்ததும் வீறிட்டு அழுது பாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டானாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் தாவினானாம், அப்பனிடம் வரவில்லையாம். 'வேலையை விட்டுட்டு ஊருக்கே போயிரலாம்னு பாக்கேன் அண்ணாச்சி. கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம்' என்றான். அவர்கள் தெருவிலிருந்து துறைமுக வேலைக்கு வந்த முதல் ஆள் அவன். அவன் திரும்பிப் போனால் அப்பாவோடு வயல் கூலிக்குத்தான் போக வேண்டும்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. தொழிலில் எல்லாத் தரகரும் செய்கிறதுதான். 'தம்பி, இனிமே தெரு கேட்டா ஓடையை விட்டுரு. நாசரேத்து மிஷன் காம்பவுண்டுல வளந்தேன்னு சொல்லு. அங்கன வளந்தவனை ஒருத்தனும் நோண்ட மாட்டான். சாயந்திரமே உனக்கு வீடு முடிச்சுத் தாரேன்' என்றேன். மிஷன்காரர்கள் பள்ளிக்கூடம் கட்டிய நாசரேத்து என்றால் படித்தவர்கள், வாத்தியார்கள், டாக்டர்கள் என்று ஊருக்கெல்லாம் ஒரு மரியாதை. ஜெபமணி அதை ரொம்ப நேரம் யோசித்தான். கோபப்படவில்லை, வழக்கம்போல. "சொல்லலாம் அண்ணாச்சி, ஆனா எங்கம்மா என்னைப் பாக்க வருவாள்லா? வந்தவளை அந்த வீட்டம்மா ஊரு கேட்டா, அவ என்ன சொல்லுவா?"

கருவாட்டு வீடு

ரோசம்மாள் கருவாட்டு வியாபாரி. புருஷன் தோணியில் போனால் வரும்வரை போனவர்தான். தேர் மாதிரி நடந்து வருவாள். குரல் அவளுக்கு முன்னாலேயே வந்துவிடும். கடற்கரையில் அவள் வீட்டோடு ஒட்டி இரண்டு அறையும் ஓர் அடுப்படியும் வெகு நாளாகக் காலி. முற்றம் முழுக்கக் கருவாடு காய்வதால் நான் அங்கே யாரையும் கூட்டிப்போவதே இல்லை. துறைமுக உத்தியோகக்காரன் அந்த வாடையில் இருப்பானா என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். ஜெபமணியோடு போகும்போது அன்று வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "ஏலே தரகா, எல்லா வீட்டுக்கும் ஆள் கூட்டிட்டுப் போற, எங்க வீடு உன் கண்ணுக்கு வீடாத் தெரியலயோ?" என்று சைக்கிள் ஹாண்டில்பாரைப் பிடித்தாள்.

வீட்டைத் திறந்து காட்டினாள். காற்றோட்டமான வீடு. "ஒரே ஒரு விஷயம் முன்னாலேயே கேட்டுக்கிடணும்" என்றாள். ஜெபமணியின் முகம் சட்டென்று வாடியது. அவளுக்கு வீண் சிரமம் வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ, அவனே ஊரைச் சொன்னான், கேட்கும் முன்னால் தெருவையும் சொன்னான், ஓடையையும் சொன்னான். ரோசம்மாள் புரியாமல் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போவதை ஆயுள் முழுக்கப் பார்த்தவள் அவள். அவளுக்கு உலகத்தில் மனிதர்கள் இரண்டே ஜாதி: மூக்கைப் பொத்துகிறவர்கள், பொத்தாதவர்கள்.

அவளையும் நான் முழுசாகத் தூக்கிவைத்துச் சொல்லப் போவதில்லை. அவளுக்கும் ஓர் 'ஆனா' இருந்தது. முன்னே குடியிருந்த மலையாளத்துக்காரன் ஒருவன் அவளுடைய பித்தளைக் குடத்தோடு ஓடிப்போனதால், ஒரு குடத்துக்காக ஒரு மாநிலத்தையே ஒதுக்கி வைத்திருந்தாள். ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கத்தோடு அவளுக்கு ஒரு வழக்கும் இல்லை. மண்பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீரை மொண்டு அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அதெல்லாம் எவ கேட்டா? கருவாட்டு வாடை பிள்ளைக்கு ஒத்துக்கிடுமா, உம்ம பொண்டாட்டி மூக்கைப் பொத்துவாளா, அதைச் சொல்லும்."

எஸ்தர் வந்தாள்

கிறிஸ்மஸுக்கு முன்னாலேயே எஸ்தர் வந்துவிட்டாள். சின்ன உருவம், பெரிய கண்கள். மூக்கைப் பொத்தவில்லை. வந்த அன்றே ரோசம்மாளிடம் வாளைக் கருவாடு வாங்கிக் குழம்பு வைத்து, அதில் புளி போதுமா என்று அவளையே ருசி பார்க்கச் சொல்லிச் சிநேகம் பிடித்துவிட்டாள். பையன் மட்டும் அப்பாவைக் கண்டால் அழுதான். ஜெபமணி அறையின் ஒரு மூலையில் உட்கார்ந்து, பிள்ளையைப் பார்க்காத மாதிரி பாவனை செய்துகொண்டு, கையில் ஒரு தீப்பெட்டியைக் கிலுக்கிக்கொண்டே இருந்தான். அப்படியாவது கிட்டே வருவானா என்று.

எஸ்தர் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, ஏன் இத்தனை மாசம் ஆயிற்று என்று கேட்டாள். ஜெபமணி வரிசையாகச் சொன்னான். தம்பி மகள், வெள்ளையடிப்பு, சுகமில்லாத மாமியார், வற்றிப்போன கிணறு. அவள் கடைசி வரை கேட்டாள். "இத்தனை பேரும் சேந்து ஒரே பொய்யைத்தான் சொல்லியிருக்காங்க. உங்களுக்கு இது தெரியலயா?" என்றாள். நான் காப்பியைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். பையன் தீப்பெட்டிச் சத்தத்துக்கு அரை அடி நகர்ந்து வந்திருந்தான். ஜெபமணி கிலுக்குவதை நிறுத்தாமலே சொன்னான்: "ஏளா, தெரியாம இருக்குமா? தெரிஞ்சதுன்னு ஒத்துக்கிட்டா மறுநாள் காலையில வின்ச்ல எப்பிடி ஏறி உக்காருவேன்?"

முத்தையாபுரத்துப் புது வீடு

சில வருஷத்தில் ஜெபமணி முத்தையாபுரத்தில் சொந்தமாக வீடு கட்டினான். சின்ன வீடுதான், ஆனாலும் முன்பக்கம் வாடகைக்கு விடுகிற மாதிரி ஒரு பகுதி. சுவரில் சுண்ணாம்பு வாசனை போகும் முன்னாலேயே என்னைக் கூப்பிட்டனுப்பினான். எனக்கு அன்று நிலைகொள்ளாத சந்தோஷம். என் கேரியரில் உட்கார்ந்து வீடு வீடாக வந்தவன் இன்றைக்கு வீட்டுக்காரன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தோரணையே வேறு மாதிரி இருந்தது. குடித்தனத்துக்கு ஆளையும் நான் மனசில் முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன். ரோசம்மாளின் மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை கடலுக்குப் போகிறவர். அவர்களுக்கு வீடு வேண்டும்.

பெயரைச் சொன்னதும் ஜெபமணி புதுச் சுவரைத் தடவிப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். எனக்கு அந்தச் செருமல் நன்றாகத் தெரியும், எத்தனை வீட்டு வாசலில் கேட்டிருக்கிறேன். "எனக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஆனா புதுச் சுவரு பாத்துக்கிடுங்க. கருவாட்டு வாடை ஒருதடவை ஏறிட்டா போகாது. நாளைக்கு வேற ஆளு குடிவரணும்லா?" என்றான். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், வழக்கப்படி அடுப்படி வாசலைப் பார்த்தேன்.

எஸ்தர் கையில் இரண்டு தம்ளரோடு அங்கே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நேரே வந்து என் தம்ளரை என் கையில் கொடுத்தாள். ஜெபமணி கையை நீட்டினான். அவள் அவனுடைய தம்ளரோடு அப்படியே திரும்பி அடுப்படிக்கு நடந்தாள். வாசலில் நின்று, அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க குடிங்க அண்ணாச்சி. இவருக்கு எந்த ஊரு, எந்தத் தெருன்னு விசாரிச்சுச் சொல்லுங்க, அப்புறம் கொண்டாரேன்." நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. ரோசம்மாள் வீட்டில் தவழ்ந்து வளர்ந்த பையன் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜெபமணி அந்தக் கையை மெதுவாக மடக்கி, தலையைக் குனிந்துகொண்டான். கண் கலங்கியிருந்தது. பிறகு அவனுடைய பழைய சிரிப்பு, லாட்ஜ் அறைக் காலத்துச் சிரிப்பு, முகத்துக்குத் திரும்பி வந்தது. "ரோசம்மா அக்கா மகளை நாளைக்கே வந்து பால் காய்ச்சச் சொல்லிருங்க அண்ணாச்சி, எனக்குத் தாகமா இருக்கு."

இத்தனை காலம் பூட்டைத் திறந்து காட்டியதில் கூரை ஒழுகாத வீட்டைத் தூத்துக்குடியில் பார்த்திருக்கிறேன், கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காத வீட்டைக்கூட ஒன்றிரண்டு பார்த்திருக்கிறேன். 'ஆனா' இல்லாத வீட்டை மட்டும் நான் குடியிருக்கிற வீடு உட்பட இன்னும் பார்க்கவில்லை.